கண்ணாடிச் சுவர் வீட்டில் ஹீட்டரை எங்கே ஒளிப்பது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பிளேனோ ஊருக்கு அருகே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த இந்த வீடு 1951-இல் முடிந்தது. நாலு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்களைப் பதித்தார்கள். அழகு என்னவோ அழகுதான். ஆனால் குளிர்காலத்தில் கண்ணாடி வியர்த்து வழிந்தது. ஒற்றைக் கண்ணாடி போட்டால் அப்படித்தான் ஆகும்.

வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் சுமார் மைனஸ் 2 டிகிரிக்கு இறங்கிவிடும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். பத்துச் சதுர மீட்டர் கண்ணாடி வழியே ஏறத்தாழ 1,700 வாட் வெப்பம் வெளியேறும்.

அப்புறம், ஜன்னலை இறுக மூடினாலும் கணுக்காலில் சில்லென்று காற்று படும். இடுக்கு எதுவும் காரணம் இல்லை. கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, கீழே வழிந்து தரையோடு அறைக்குள் பரவுகிறது. நம் உடம்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தில் ஒரு பங்கைச் சுவர்கள் திருப்பித் தருகின்றன. குளிர்ந்த கண்ணாடி குறைவாகவே தருகிறது. அதனால் தெர்மாமீட்டர் 20 காட்டினாலும் ஜன்னல் பக்கத் தோள் மட்டும் குளிரும்.

ஐரோப்பிய வீடுகளில் ரேடியேட்டரை, அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பெட்டியை, ஜன்னலுக்குக் கீழே வைப்பது இதனால்தான். இறங்கும் குளிர்காற்றை ஏறும் வெதுவெதுப்பு அங்கேயே மடக்கிவிடும். தரை வரை கண்ணாடி வந்துவிட்டால் ரேடியேட்டருக்கு ஏது இடம்? கண்ணாடியின் காலடியில் தரையைக் குடைந்து ஒரு குறுகிய கால்வாய் அமைக்கிறார்கள். டிரெஞ்ச் ஹீட்டர் என்பது அதுதான். மேலே நடக்கத் தாங்கும் கம்பி மூடி. அதைத் தூக்கினால் வெந்நீர் ஓடும் செம்புக் குழாயும், அதில் நெருக்கமாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகளும். குளிர்காற்று உள்ளே விழுந்து, தகடுகளில் சூடாகி, மேலே எழும்பும். ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) தரும் 40 டிகிரி நீருக்கு இந்த இயல்பான ஓட்டம் போதாது. சின்ன மின்விசிறி சேர்க்க வேண்டும். தகடுகளில் தூசி அடைந்தால் சூடு குறையும், ஆகவே மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம்.

தரைக்கடிக் குழாய்க்கு 35 முதல் 40 டிகிரி நீரே போதும். ஆனால் கால் தாங்க வேண்டுமே. ஆட்கள் புழங்கும் இடத்தில் தரை 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி. வெளிச்சுவர் ஓரத்து ஒரு மீட்டருக்கு மட்டும் 35 வரை சலுகை. அந்த ஓரத்தில் குழாய்களை நெருக்கிப் பதித்தால் கண்ணாடியின் குளிரை ஓரளவு சமாளிக்கலாம். கான்கிரீட் தரை சூடேற மணிக்கணக்கில் ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், முதல் பணம் கண்ணாடிக்குத்தான் போக வேண்டும். ஆர்கான் வாயு அடைத்து, வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு போட்ட நல்ல இரட்டைக் கண்ணாடியில் அந்த 1,700 வாட் சுமார் 330 ஆகக் குறையும். உட்பரப்பும் 16 டிகிரியை நெருங்கும். இவ்வளவு சிறிய தேவைக்கான ஹீட்டரை ஒளிப்பது சுலபம்.

திரைச்சீலைக் கம்பியையும் வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். திரை, கண்ணாடிக்கும் டிரெஞ்ச் மூடிக்கும் நடுவே தொங்க வேண்டும். மூடியைத் தாண்டி அறைப்பக்கம் தொங்கினால், எழும் சூடு முழுக்கத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே போகும்.