லாபியிங்னா பிரச்சாரம் இல்லைங்க

ஒவ்வொரு மே மாசமும் ஜெனீவால உலக சுகாதார நிறுவனத்தோட (WHO) பேரவை கூடுறப்போ "தைவானைச் சேர்க்கக் கூடாதுன்னு சீனா தீவிர பிரச்சாரம்"ங்கிற மாதிரி ஒரு செய்தித் தலைப்பு கண்ல பட்டுடுது. படிக்கப் படிக்க எரிச்சலா வருது. லாபியிங்னா முடிவெடுக்கிறவங்களைத் தனித்தனியாப் பார்த்துப் பேசி நம்ம பக்கம் இழுக்கிறது, அதைத் தமிழ்ல பிரச்சாரம்னு போட்டா நடந்ததே வேறயாயிடுதே.

லாபிங்கிறது இடைக்கால லத்தீன்ல கூரை போட்ட நடைவழியைக் குறிச்ச சொல்லுல இருந்து வந்தது. பிறகு நாடாளுமன்றத்துல அவைக்கு வெளிய இருக்கிற கூடத்துக்குப் பேராச்சு, அங்க உறுப்பினர்களைப் பிடிச்சுப் பேசுறதுக்கும் அதுவே பேராயிடுச்சு. அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் ஒரு ஹோட்டல்ல உக்காந்திருந்தப்போ பிறந்த சொல்னு சொல்ற கதையை நம்பாதீங்க, அவர் பதவிக்கு வந்ததே 1869ல, சொல் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு.

பிரச்சாரம் ஊரறிய, மைக் வச்சு, மக்கள்கிட்ட பண்றது. பரப்புரைன்னு தூய தமிழ்ல மாத்தினாலும் அதே தப்புதான், தமிழ் சுத்தமாச்சே தவிர அர்த்தம் சுத்தமாகலை. தைவான் 2009ல இருந்து 2016 வரைக்கும் 'சீன தைபே'ங்கிற பேர்ல பார்வையாளரா வந்துச்சு, 2017ல இருந்து அழைப்பு இல்லை, அதோட நட்பு நாடுகள் ஒவ்வொரு தடவையும் இதை நிகழ்ச்சி நிரல்ல சேர்க்கச் சொல்லிக் கேக்குறாங்க, பேரவைல ரெண்டு நாடு ஆதரிச்சுப் பேசும் ரெண்டு நாடு எதிர்த்துப் பேசும், முடிஞ்சுது, பல வருஷம் ஓட்டெடுப்பே நடக்கிறதில்லை. ஏன்னா கணக்கெல்லாம் அதுக்கு முன்னாடியே தலைநகரங்கள்லயும் தூதரகங்கள்லயும் முடிஞ்சிருக்கும். இதுல பிரச்சாரம் எங்க இருந்து வந்துச்சு?

சிலர் 'தரகு'ன்னு எழுதுறாங்க, அது இன்னும் மோசம். தரகுன்னா நடுவுல ஒருத்தர் கமிஷன் வாங்கணும். இங்க ஒரு நாடு தனக்காகத் தானே போய்ப் பேசுது. 'தூது'ன்னு வைக்கலாம்னா, அழகான சொல்தான், குறள்ல தனி அதிகாரமே இருக்கு, ஆனா தூது சேதி கொண்டு போறதோட நிக்கும், ஓட்டு வாங்கிட்டு வராது.

என் கணக்குல 'ஆதரவு திரட்டல்' போதும். ஆதரவு வடமொழி வழி வந்ததுன்னு ஒதுக்குறவங்க இருக்காங்க, இருக்கட்டும், கேட்டதும் புரியுதே. 'திரட்டு'ங்கிறதுலதான் உயிர் இருக்கு, நிதி திரட்டுற மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சேர்க்கிறது. தடுக்கிறதுக்குப் பண்ணினா 'எதிராக ஆதரவு திரட்டல்'.

இன்னொண்ணு, மிரட்டலையும் லாபின்னே எழுதிடாதீங்க. 1989ல உலக சுகாதார நிறுவனத்துல பாலஸ்தீனத்தை உறுப்பினரா சேர்த்தா நிதியை நிறுத்திடுவோம்னு அமெரிக்கா வெளிப்படையாவே சொல்லிச்சு, விண்ணப்பம் தள்ளிப்போச்சு. அதுக்கு நெருக்கடின்னு நல்ல சொல் ஏற்கனவே இருக்கு, மொழிபெயர்க்கிறவங்க அகராதில முதல்ல கிடைச்சதைப் போடாம யார் யார்கிட்ட என்ன பண்ணாங்கன்னு பார்த்துட்டு எழுதினா இது தானா வந்து விழும். அந்தத் தலைப்பையும் "தைவானுக்கு எதிராக சீனா ஆதரவு திரட்டுகிறது"ன்னே போட்டிருக்கலாம்.