பாரிமுனைக் கடைத்தெருக்கள்: எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டிய நேரம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தோள் இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். நான் நகரமைப்பு வேலையில் இருக்கிறேன். வடசென்னைக் கடைத்தெருக்களைச் சீர்படுத்துவது பற்றி வியாபாரிகளோடும் குடியிருப்பவர்களோடும் பேசுவதுதான் என் வேலையில் பாதி. பண்டிகை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கச் சொல்வேன்.

பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர்களிடம் பேசுங்கள். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு இருந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிப் பழகியவர்கள், இப்போதும் பெயருக்குக் கொஞ்சம் பத்திரிகைதான் அடிக்கிறார்கள். கோடவுன் தெருவுக்கு நேரில் வந்து துணி எடுத்துப்போன வெளியூர் சில்லறைக் கடைக்காரர்களில் பலர் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். சரக்கு பார்சலில் போய்விடுகிறது. அவர்கள் வந்தால் டீக்கடைக்கும், மெஸ்ஸுக்கும், பை விற்பவருக்கும் கிடைத்த வருமானம் பார்சலால் கிடைப்பதில்லை.

2020 மார்ச் 25-ல் ஷட்டர்கள் இறங்கின. மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் சென்னையின் தொற்றுப் பட்டியலில், பாரிமுனையும் அடங்கிய ராயபுரம் மண்டலம் முதலிடத்தில் இருந்தது. ஜூன் 19-ல் நகரத்துக்கு மறுபடி முழு ஊரடங்கு, 2021 மே மாதம் இன்னொன்று. கீழே கடை, மேலே குடித்தனம், பின்னால் குடோன் என்று நெருக்கமாக இருந்ததுதான் தொற்று பரவ வழிவிட்டது என்று அப்போது பேசினார்கள். ஒரே நடையில் பந்தர் தெருவில் நோட்டுப் புத்தகமும் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் வாங்க முடிவதும் அதே நெருக்கத்தால்தான். அதைக் கலைத்துவிட்டு இந்தச் சந்தையை வாழவைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இதற்கிடையே நல்லது ஒன்றும் நடந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைவரை வந்த மெட்ரோ, இரண்டு அலைகளுக்கும் நடுவே 2021 பிப்ரவரி 14-ல் விம்கோ நகர்வரை நீண்டது. ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில் வந்ததால் அதன் பலனைக் கடைத்தெரு இன்னும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூரில் ஏறி மண்ணடியில் இறங்கும் ஒருவருக்கு பார்க்கிங் கவலை கிடையாது. ஸ்டேஷன் வாசலிலிருந்து கடைவரை நடக்க இடம் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. வியாபாரிகள் கூட்டத்தில் இன்னும் பார்க்கிங்கைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். மனம் மாற வேண்டிய இடம் அது.

நடக்க இடம் ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். கடைக்காரர் நடைபாதை வியாபாரியைக் காட்டுவார். நடைபாதை வியாபாரி, தெருவுக்கு நீண்டிருக்கும் கடைப் படிக்கட்டையும் வெளியே அடுக்கிய சரக்கையும் காட்டுவார். மூட்டை தூக்குபவர் குட்டியானை லோடு வண்டியைக் குறுக்கே நிறுத்தியவரைத் திட்டுவார். மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு இவர்கள் எல்லோர் மேலும் கோபம்.

அதனால் நான் வேலை செய்யும் தெருக்களில் முதலில் பேச்சை வைப்பதில்லை. சந்தின் வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு, இந்த எல்லாத் தரப்பிலிருந்தும் ஓரிருவர் சேர்ந்து நடக்கிறோம். விடிகாலை, பகல் பதினொரு மணி, சாயங்காலம், கடை மூடும் நேரம் என்று ஒவ்வொரு வேளையும் எந்த இடத்தில் எது நிற்கிறது என்று வண்ணப் பென்சிலால் குறிக்கிறோம். பிராட்வேயை ஒட்டிய ஒரு சந்தில் அதிக இடத்தை நாள் முழுக்கப் பிடித்திருந்தவை, கடை முதலாளிகளும் சிப்பந்திகளும் காலையில் நிறுத்திவிட்டு ராத்திரி எடுக்கும் பைக்குகள். பூ விற்பவரின் கூடை அந்தத் தாளில் தேடினால்தான் கண்ணில் படும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்ததுமே பேச்சின் தொனி மாறிவிட்டது.

அப்புறம் பேசியது நேரத்தைப் பற்றி. லோடு இறக்குவது காலையில் கடை சூடு பிடிப்பதற்கு முன்னால், அல்லது இரவில். நடுப்பகலில் மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கர சரக்கு வண்டியும் கைவண்டியும் மட்டும். பைக்குகள் சந்துக்கு வெளியே ஒரே இடத்தில். மாடிவீட்டுக்காரர்களுக்கு ஆம்புலன்ஸ் வர ஒரு பக்கம் எப்போதும் காலி. இரவு லோடுக்குக் குடியிருப்பவர்கள் சம்மதிக்கவில்லை. தூக்கம் கெடும் என்ற அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது, அதை விட்டுவிட்டோம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களே போட்ட ஏற்பாடு என்பதால், மீறுபவரை அவர்களே கேட்கிறார்கள்.

இப்படி ஒன்றாக உட்காரச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கம், குடியிருப்போர் சங்கம், போலீஸ், வங்கி எல்லோருக்கும் அங்கே நாற்காலி உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தெரு வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் வந்த பிஎம் ஸ்வநிதி கடன் திட்டத்தில் 10,000 ரூபாயில் தொடங்கி, கட்டி முடித்தவர்களுக்கு 20,000, 50,000 என்று கடன் கிடைத்தது. அதில் மறுபடி தள்ளுவண்டி போட்டவர்கள் உண்டு. சாலையை அழகுபடுத்துகிறோம் என்று அவர்களை விரட்டினால் கடன் மட்டும்தான் அவர்களிடம் மிஞ்சும்.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது பெரிய விஷயம். ஆனால் பழைய கட்டடங்களில் கழிப்பறைக்கு இடமே இல்லை. நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு குடோன் மூலையை ஒதுக்கினால் தீரும். தனியாக எந்தக் கடைக்காரராலும் முடியாது. கூட்டு முயற்சிக்கு இதைவிட அவசரமான வேலை எனக்குத் தெரியவில்லை.

பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1,000 கோடி என்று 2023-ல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போதே 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. பெரிய கட்டடங்களுக்குப் போகும் பணத்தில் நம் சந்தின் விளக்கு, கழிப்பறை, மழைநீர் வடிகால் மூடிக்கு ஒரு பங்கு வர வேண்டுமென்றால், நம் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும்.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபா நடக்கிறது, கவுன்சிலர் தலைமையில். கிராம சபைபோல, பகுதி மக்கள் நேரில் கோரிக்கை வைக்கும் கூட்டம் அது. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் தெருவில் ஒரு கடைக்காரர், ஒரு நடைபாதை வியாபாரி, ஒரு மூட்டை தூக்குபவர், மாடியில் குடியிருக்கும் ஒருவர் என நான்கு பேர் வரைபடத்தோடு போங்கள். மூன்றே மூன்று கோரிக்கை எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.