பில் பணம் 45 நாளில் வர வேண்டும்: எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

சரக்கை அனுப்பிவிட்டு ஆறு மாதம் பணத்துக்கு அலைகிற சிறு பட்டறை, பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேலை சுத்தம், விலை குறைவு என்றாலும் கையில் பணம் இல்லாவிட்டால் அடுத்த ஆர்டரை எடுக்க முடியாது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் பேசிய கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும்.

கேட்கப் போனால் முதலில் இடறுவது உத்யம் பதிவு, அதாவது இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு. பாக்கி விழுந்த பிறகு அவசரமாகப் பதிந்தால், பழைய பில்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். ஆகவே இன்றே பதியுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் (ஜி.எஸ்.டி. கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும்) போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. சான்றிதழில் உங்கள் தொழில் 'வணிகம்' என்று மட்டும் விழுந்திருந்தால் (தொழில் வகையைக் காட்டும் என்.ஐ.சி. குறியீடு 45, 46, 47) இந்த உரிமை கிடைக்காது. உற்பத்தியோ சேவையோ செய்பவர் உடனே திருத்த வேண்டும். நடுத்தர நிறுவனத்துக்கும் இது கிடையாது.

அடுத்தது 'தரம் சரியில்லை' என்ற சாக்கு. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆனால் சேர்ந்த தேதியை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தேதியும் கையெழுத்தும் இல்லாத டெலிவரி சலானால் விழும் வழக்குகள் ஏராளம். பாதிப் பணத்தைக் கொடுத்து 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

மனுவை இதற்கான அரசு இணையத் தளத்தில் போடலாம். வாங்கியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் ஊருக்கான கவுன்சிலே (இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் அரசு மன்றம்) விசாரிக்கும். 'வாங்கியவர் மாநிலத்துக்குப் போங்கள்' என்றால் சட்டத்தின் 18(4) பிரிவைக் காட்டுங்கள். ஆர்டர், பில், சலான், கணக்கு நகல், பில்வாரி வட்டிக் கணக்கு ஆகியவற்றை ஒரே தடவையில் ஏற்றுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் மனு திரும்பும், மாதங்கள் போகும். முடிவுக்குச் சட்டம் தரும் கெடு 90 நாள். நடைமுறையில் அதையும் தாண்டி இழுக்கிறார்கள். ஒவ்வொரு தேதிக்கும் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், வாங்கியவர் 75 சதவீதத் தொகையைக் கட்டாமல் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியாது. சமரசம் பேச வரும்போது இதை மனதில் வைத்தே தொகையைப் பேசுங்கள்.