தலைவலி விட்ட மறுநாள்

காலையில் எழுந்தால் தலை லேசாக இருக்கிறது. அப்பாடா என்று ஆபீஸுக்குக் கிளம்பிப் போய் உட்கார்ந்தால், ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தால் நேற்று வலித்த அதே பக்கம் ஒரு நொடி விண்ணென்று தெறிக்கிறது. “அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன சோர்வு?” என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்விதான். வலி என்பது இந்த நோயின் நடுப்பகுதி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் கதை இருக்கிறது.

முன்கதை பல சமயம் முந்தின நாளே தொடங்கிவிடுகிறது. காரணமில்லாமல் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை. பசி, தூக்கம், தாகத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் அப்போதே தடுமாறத் தொடங்கியிருக்கும். “சாக்லேட் தின்றேன், தலைவலி வந்துவிட்டது” என்று சொல்பவர்களில் பலருக்கு விஷயம் தலைகீழாக இருக்கலாம்: தலைவலி வரப்போவதால்தான் சாக்லேட் கேட்டிருக்கும்.

அப்புறம் சிலருக்குக் கண்முன்னே பல்பல்லாக ஒரு ஒளிக்கோடு மின்னும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்த இந்தக் கோட்டைப் பல முறை வரைந்து வைத்தார். அது நகரும் வேகத்தைக் கொண்டு, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறது என்று 1941இல் கணக்குப் போட்டார். 1944இல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஒரு மின் அமைதியைக் கண்டார். நரம்பணுக்கள் சற்று நேரம் கொந்தளித்துவிட்டு, அலை கடந்த இடமெல்லாம் ஓய்ந்துபோகின்றன. ஒருவர் காகிதத்தில் போட்ட கணக்கும் இன்னொருவர் முயலில் கண்டதும் இப்படிப் பொருந்தியது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, வலிக்கு வருவோம். மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள சவ்வுக்குத் தெரியும். அந்தச் சவ்விலிருந்து சேதி கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. கிளறப்பட்டால் அதன் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நரம்புக்குக் கூச்சம் ஏறுகிறது. வழக்கமான நாடித்துடிப்பே சுத்தியல் அடியாகக் கேட்பது இதனால்தான் என்பது பொதுவான விளக்கம். மாடிப்படி ஏறினால் வலி கூடுவதும் அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் இந்தக் கூச்சம் மூளைத்தண்டில் இருக்கும் அடுத்த கட்ட அணுக்களுக்கும் தொற்றுகிறது. அதற்கான அடையாளத்தை வீட்டிலேயே பார்க்கலாம்: பின்னலை அவிழ்க்கிறார், ஜிமிக்கியைக் கழற்றுகிறார், சீப்பு பட்டாலே “ஆ” என்கிறார். இந்தக் கட்டம் வந்துவிட்டால் மாத்திரைக்கு மவுசு குறைவு. சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் மருந்துகள் முதல் கட்ட நரம்பு முனைகளில்தான் நன்றாக வேலை செய்கின்றன. தாங்க முடியாமல் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போடும் மாத்திரை கைவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வயிறு. தாக்குதலின்போது இரைப்பை மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கிறது. டாக்டர் கூடவே வாந்தி மாத்திரை எழுதுவதும், சிலருக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தருவதும் இதற்காகத்தான். நம் ஊரில் இதைப் “பித்தம் தலைக்கேறிவிட்டது” என்பார்கள். உண்மையில் தலையில் தொடங்கியது வயிற்றுக்கு இறங்கியிருக்கிறது.

சீக்கிரம் போடுவது என்றால் அடிக்கடி போடுவது என்று அர்த்தமில்லை. டிரிப்டான் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால் போன்றவை 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். அப்படி அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் தனியாக உண்டு. 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் தலைவலியின்போது கழுத்துச் சிரை ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. கூடியிருப்பதைக் காட்டினார்கள். அந்த வழியை அடைக்கும் முதல் ஊசி மருந்து, எரெனுமாப், அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2018இல். இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் ஆகாது, அது ரத்தக்குழாயைச் சுருக்கும். இந்தப் புது வகை அப்படிச் சுருக்குவதில்லை.

இனி மறுநாள். வலி ஓய்ந்தபின் வரும் மந்தம், கவனச்சிதறல், கழுத்து இறுக்கம், வெளிச்சக் கூச்சம் இவை பெரும்பாலும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட நீடிக்கும். மருந்தின் மயக்கம் என்று இதைத் தள்ளிவிடுவார்கள். மாத்திரையே போடாதவர்களுக்கும் இது வருகிறது. நேற்று புரட்டிப்போட்ட மூளை இன்னும் நிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் வேலைக்குப் போகக்கூடாது என்றில்லை. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல், தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். கணக்கு சரிபார்க்கும் வேலையை மதியத்துக்குத் தள்ளிவிட்டு, காலையில் ஃபைல் அடுக்கலாம். பேனா கீழே விழுந்தால் பக்கத்து சீட்டுக்காரரை எடுத்துத் தரச் சொல்லலாம்.