பத்து ரூபாயை ஏன் வேண்டாம் என்கிறோம்?

முன்பின் தெரியாத ஒருவரிடம் நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பதை அவர்தான் சொல்வார், ஒரே ஒரு முறை. நீங்கள் சரி என்றால் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இருவருக்குமே ஒன்றுமில்லை. அவர் தொண்ணூறைத் தனக்கு வைத்துக்கொண்டு பத்தை நீட்டுகிறார். வாங்குவீர்களா?

சும்மா வருகிற பத்து ரூபாய்தானே, கணக்குப்படி வாங்கத்தான் வேண்டும். 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் மாணவர்களை இந்த விளையாட்டை ஆடவைத்தபோது அந்தக் கணக்கு பலிக்கவில்லை. அப்புறம் எத்தனையோ நாடுகளில் ஆடிப் பார்த்துவிட்டார்கள். பிரிப்பவர் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது என்று தருகிறார். இருபதுக்குக் கீழே இறங்கினால், எதிரில் இருப்பவர் பலமுறை தட்டிவிட்டுப் போகிறார். ‘எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உனக்கும் கிடைக்கக் கூடாது!’

வெறும் வீம்பா? 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அற்பத் தொகையை நீட்டியதும், அருவருப்போடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொண்டது. அதே தொகையை ஒரு கம்ப்யூட்டர் நீட்டினால் அவ்வளவு கோபம் வரவில்லை. மனிதன் செய்தால்தான் அது அநியாயம்!

சரி, பாதி கொடுப்பவர் நல்லவரா, பயந்தவரா? மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டு ஆடவிட்டால் தெரிந்துவிடும். கொடுக்கும் பங்கு சட்டென்று சரிகிறது. ஒன்றுமே தராதவர்களும் உண்டு. கொஞ்சம் நல்ல மனசு, நிறையப் பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடையில் பேரம் படியாமல் நாலு எட்டு நடந்ததும் “வாங்க, வாங்க” என்று கூப்பிடுகிறார்களே, அங்கேயும் வேலை செய்வது நம்முடைய ‘வேண்டாம்’தான்.

ஆனால் அந்த ‘வேண்டாம்’ எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வடகிழக்கு இந்தியாவின் ஏழைக் கிராமங்களில் இதே விளையாட்டை 20 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் வரை வைத்து ஆடினார்கள்; 2011-இல் முடிவுகள் வெளிவந்தன. 20,000 என்பது அங்கே மாதக்கணக்கில் உழைத்தால் கைக்கு வரும் பணம். தொகை ஏற ஏற, பிரிப்பவர்கள் நீட்டிய பங்கு சுருங்கிக்கொண்டே போனது. உச்சத் தொகையில் ஏறக்குறைய யாருமே மறுக்கவில்லை.