இடைப்பருவத்தில் சேர்ந்த வீரரிடம் கிளப் கேட்கும் கடைசிக் கையெழுத்து

புள்ளிப்பட்டியலின் அடியில் தத்தளிக்கும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துக் கிளப் ஒன்று, வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்படும் ஜனவரி மாத டிரான்ஸ்ஃபர் விண்டோவில் அவசரமாக ஆள் தேடும்போது, நான்கைந்து கிளப்புகளில் ஆடிப் பழகிய, முப்பது வயதை நெருங்கிய வீரர்களின் நினைவு நிர்வாகத்துக்கு வருகிறது. பெரிய தொகை கேட்க மாட்டார்கள், வந்த வாரமே களத்தில் இறங்குவார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளின் மைதானங்களில் வளர்ந்து, பிறகு வேலை தேடுவதைப்போல ஊர் ஊராகக் கிளப் தேடி ஆடும் ஒருவருக்கு, நாட்டின் உச்சப் பிரிவில் ஆடும் வாய்ப்பு சில சமயம் இந்த வழியாகத்தான் திறக்கிறது. வழக்கறிஞராக நான் அந்த வாய்ப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட வீரர்கள் வருவது, பெரும்பாலும், கிளப்பைவிட்டு வெளியேறும்போது இட்ட ஒரு கையெழுத்தால்தான்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் வீரர் தகுதி மற்றும் இடமாற்ற விதிகளின் 18ஆம் பிரிவு, தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் குறைந்தபட்சம் அந்தப் பருவம் முடியும்வரை நீடிக்க வேண்டும் என்கிறது. பருவத்தின் நடுவே எந்தத் தரப்பும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்று 16ஆம் பிரிவு தடுக்கிறது. ஆட்டம் எதிர்பார்த்தபடி இல்லை என்பது ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் ஆகாது என்பதில் ஃபிஃபாவின் தகராறு தீர்வு அமைப்பு உறுதியாக இருந்துவருகிறது. ஆகவே ஜனவரியில் சேர்த்த வீரரை மார்ச்சில் வேண்டாம் என்று கிளப் முடிவு செய்தாலும், மே மாதம்வரை சம்பளம் கொடுக்கும் கடமை அதற்கு இருக்கிறது. அந்தக் கடமையிலிருந்து கிளப்பைச் சுலபமாக விடுவிக்கக்கூடியவர் அந்த வீரர் ஒருவரே. அதனால்தான், இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ‘மியூச்சுவல் டெர்மினேஷன்’ கடிதம் அவரிடம் நீட்டப்படுகிறது.

அது நீட்டப்படும் விதம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். தொடர் தோல்விகளால் பயிற்சியாளர் மாறுவார். புதியவரின் திட்டத்தில் இந்த வீரர் இருக்க மாட்டார். அணியோடு பயிற்சி செய்தவரைத் தனியே மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வார்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவார்கள், தங்கியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு தடுப்பாட்டக்காரரின் கைப்பேசியில் அந்தக் கடிதத்தின் படம் இருந்தது. (அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரே பக்கம். நடப்பு மாதச் சம்பளம் மட்டும் தரப்படும் என்று மேலே ஒரு வரி. ‘இனி கிளப்பிடமிருந்து எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எதிர்காலத்திலும் கோர மாட்டேன்’ என்று கீழே ஒரு வரி. கையெழுத்திட்டால்தான், வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபமில்லை என்ற சான்றான என்.ஓ.சி. கிடைக்கும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதச் சம்பளமும் வந்திருக்கவில்லை.

அந்தக் கீழ் வரியின் பலத்தை வீரர்கள் உணர்வதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 63ஆம் பிரிவில், தனக்கு வரவேண்டியதை ஒருவர் முழுவதுமாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அதற்கு ஈடாக எதுவும் பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டேன் என்று பிறகு வாதிடலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வீரரின் தலையில் விழும். கையில் ஒரு மின்னஞ்சல்கூட இல்லாதவருக்கு அது மிகக் கடினம்.

விடுதலை கிடைத்தால் வேறு கிளப்புக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையும் பல நேரம் வீணாகிறது. பொதுவிதியாக ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் இரண்டு கிளப்புகளுக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். டிசம்பர்வரை இரண்டாம் நிலைப் பிரிவு அணி ஒன்றுக்கு ஆடிவிட்டு வந்தவர், இங்கே பதிலி ஆட்டக்காரராகச் சில நிமிடங்கள் இறங்கியிருந்தாலே அந்த இரண்டும் தீர்ந்துவிடும்.

எனவே கடிதம் வந்த அன்று எதிலும் கையெழுத்திட வேண்டாம். ‘படித்துவிட்டுப் பதில் தருகிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தினமும் பயிற்சி நேரத்துக்கு மைதானத்துக்குச் செல்லுங்கள். வராமல் இருந்தார் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். தனியே ஓடவிட்டால் அதையும் தேதியிட்டு எழுதி அனுப்புங்கள். வீரரை வெளியேற்றும் நோக்கில் செய்யப்படும் இத்தகைய தொல்லை, வீரர் தரப்பில் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் ஆகலாம் என்று ஃபிஃபா விதிகளின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு வீரரே விலகலாம் என்பது 2018இல் சேர்க்கப்பட்ட 14பிஸ் பிரிவு. அப்படி விலகினால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களோடு இருக்கும். அவர்கள் நீட்டும் கடிதத்தில் கையெழுத்திட்டால் அது போய்விடும்.

விலகத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தாலும், பாக்கித் தொகை, அது வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய தேதி, பிடித்த டி.டி.எஸ்., என்.ஓ.சி. தரும் நாள் ஆகியவை அதே தாளில் இருக்கட்டும். பணம் வந்த பிறகே உரிமை முடியும் என்ற வாசகமும் இருக்கட்டும். இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் இடையிலான தகராறு ஃபிஃபாவுக்குப் போகாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் தகுதிக் குழுவிடமே போகும். ஒப்பந்தத்தின் நகல், வங்கி அறிக்கை, அந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றோடு வந்தால் மனுவைத் தயார் செய்வது எளிது.