கடலில் எண்ணெய் வந்தால் நட்டஈடு: வலையை அலசுவதற்கு முன் படியுங்கள்

2020 செப்டம்பர் 3ஆம் திகதி, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சங்கமன்கண்டிக்கு நேரே, சுமார் 38 கடல் மைல் வெளியே, 'நியூ டயமண்ட்' கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு (கச்சா) எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்த கப்பல். இந்தியக் கரையோரக் காவல்படையும் நம் கடற்படையும் சேர்ந்து தீயை அணைத்தன. எண்ணெய்த் தாங்கிகளில் தீ பிடிக்கவில்லை. நாம் தப்பினோம்.

அந்த வாரம் கரையில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எண்ணெய் இங்க வந்தா எங்களுக்கு ஆர் தருவாங்க?" இன்றைக்கும் பாதிப்பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. அலுவலகங்களிலும் தெரிந்து சொல்பவர்கள் குறைவு.

அதிகாரபூர்வக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தெற்காசியக் கூட்டுறவு சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் என்று ஓர் அமைப்பு 1982இலிருந்து இருக்கிறது, தலைமையகம் கொழும்பில். அதன் கீழ் இலங்கை, இந்தியா, வங்காளதேசம், மாலைதீவு, பாகிஸ்தான் ஆகிய ஐந்து கடலோர நாடுகள் 1995இல் ஒரு தெற்காசியக் கடல் செயற்றிட்டத்தை ஏற்றுக்கொண்டன. எண்ணெய் கசிந்தால் ஒருவருக்கொருவர் உதவுவதும் இந்த ஒத்துழைப்பில் அடக்கம். உள்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் இருக்கின்றன. இவர்கள் கப்பலைப் பார்ப்பார்கள், எண்ணெயைப் பார்ப்பார்கள். உங்கள் வலையில் எத்தனை பாகம் போனது என்று எண்ண யாரும் வரமாட்டார்கள். அதை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, அது என்ன கப்பல் என்பது. எண்ணெய் ஏற்றும் டாங்கர் என்றால், 1992ஆம் ஆண்டு சர்வதேச எண்ணெய் மாசு நட்டஈட்டு நிதியத்தில் இலங்கையும் உறுப்பு நாடு. கப்பல் உரிமையாளரின் காப்புறுதி போதாவிட்டால் மிச்சத்தை ஒரு வரம்பு வரை நிதியம் தரும். கொள்கலன் கப்பல் என்றால் அதன் சரக்குக்கு அந்த நிதியம் இல்லை. 2021இல் மேற்குக் கரையில் மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' அப்படித்தான். உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுக்கவே 2025 ஜூலை ஆகிவிட்டது. ஆகவே "அங்க குடுத்தாங்கள், இங்க ஏன் குடுக்கேல்ல" என்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நிற்பதில் பயனில்லை. இரண்டு வகைக் கப்பலுக்கும் வேறு வேறு வழி.

சரி, இப்போது நாம் மாட்டிக்கொள்ளும் பொறிகளுக்கு வருவோம். பணம் போகிற இடம் இதுதான்.

சட்டப்படி உரிமம் வேண்டிய தொழிலை உரிமம் இல்லாமல் செய்திருந்தால் உங்கள் கோரிக்கை நிற்காது. படகுப் பதிவும் தொழில் உரிமமும் ஒன்றல்ல. உரிமத்தைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான உரிமத்துடன் போனால் முதல் மேசையிலேயே திருப்பி விடுவார்கள். அப்புறம், கைமாறின படகு. பாண்டிருப்பில் ஒரு தம்பி எனக்குப் படகுப் புத்தகத்தைப் பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்துக் காட்டினார். உப்புத் தண்ணீர் பட்டுப் பாதி மை கரைந்திருந்தது. கரையாத பாதியில் இருந்த பெயர் அவருடையது அல்ல. நாலு வருடத்துக்கு முன் விற்றவருடையது. "காசு குடுத்து வாங்கினதுக்குத் துண்டு இருக்கு அண்ணன்" என்றார். துண்டு இருந்தது. ஆனால் நாளைக்கு நட்டஈட்டுப் பட்டியல் எழுதினால் அதில் வரப்போவது விற்றவரின் பெயர். பெயர்மாற்றத்தை இன்றைக்கே செய்யுங்கள்.

கரைவலைக்காரருக்கு இதைவிட மோசம். பாட்டுக்கான (வலை இழுக்கும் கரைப்பகுதிக்கான) உரிமம் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயரில் இருக்கும். கயிறு இழுக்கிற இருபது முப்பது பேரும் எந்தக் காகிதத்திலும் இல்லை. எண்ணெய் வந்து பாடு நின்றால் அன்றாடங்காய்ச்சிக்குத்தான் முதலில் அடுப்பு அணையும், பட்டியலிலோ சம்மாட்டி மட்டும்தான் இருப்பார். ஒரு கொப்பியில் நாளும் பெயரும் பங்கும் எழுதி, மாதம் ஒருமுறை சங்கத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கருவாடு போடுகிற பெண்களுக்கும் இதே யோசனைதான். மீன் வாங்கிய துண்டு, கருவாடு விற்ற துண்டு, கிராம அலுவலரின் கடிதம். மீன் பதனிடுபவர்களின் வருமான இழப்பையும் நிதியம் பார்க்கும், ஆதாரம் இருந்தால்.

கோரிக்கையை முந்தைய வருடங்களின் அதே மாதத்தோடுதான் ஒப்பிடுவார்கள். மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்களுக்கு ஆனி மாதக் கணக்கைக் காட்டினால் முழுக் கோரிக்கையையும் சந்தேகிப்பார்கள். ஏலத்துண்டு, டீசல் பில், ஐஸ் பில் எதையும் எறியாதீர்கள். பெரிய கணக்குப் புத்தகம் இல்லாத சிறு தொழிலாளர்களிடம் இப்படிப்பட்ட துண்டுகளையும் ஏற்கிறார்கள்.

எண்ணெய் வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது: மண்ணெண்ணெய் ஊற்றி வலையைக் கழுவாதீர்கள். படம் எடுங்கள், திகதி தெரியட்டும், பின்னால் கோவிலோ பள்ளிவாசலோ ஏதாவது அடையாளமும் தெரியட்டும். தார் ஒட்டின ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். கடற்றொழில் பரிசோதகரை வரச்சொல்லி, பார்த்ததை எழுதித் தரச்சொல்லுங்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று தடை போட்டால் எழுத்தில் கேளுங்கள். ஒலிபெருக்கியில் சொன்னதையும் வட்ஸ்அப்பில் வந்ததையும் மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அலைச்சல் இதற்குப் பிறகுதான் தொடங்கும். பிரதேச செயலகம் "மீன்பிடிக் கந்தோருக்குப் போங்க" என்று சொல்லும். கடற்றொழில் அலுவலகம் "அது சுற்றாடல் ஆக்களின் வேலை" என்று சொல்லும். சுற்றாடல் ஆட்கள் "கொழும்புக்கு எழுதுங்க" என்பார்கள். ஒரு தடவை ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, மூன்று மாதம் கழித்துப் போனால் "அப்படி ஒண்டும் வரேல்ல" என்றார்கள். என்னிடம் பிரதி இருந்தது, முத்திரை இல்லை. அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி. ஒன்றில் திகதியுடன் முத்திரை விழாமல் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. வாங்க மறுத்தால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களப் படிவத்தில் புரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

பணம் கைக்கு வரும்போதும் கவனம். அந்தத் தாளில் 'இடைக்காலக் கொடுப்பனவு' என்று இருக்கிறதா, 'முழுமையானதும் இறுதியானதும்' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவதில் கையெழுத்து வைத்தால் அதற்குமேல் ஒரு சதமும் கேட்க முடியாது. அவசரப்படுத்துகிறவரிடம் "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டு வாறன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

யாரும் சொல்லாத பொறி ஒன்று பாக்கி. நிதியத்திடம் கோருவதற்குச் சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 வருடம்தான். படிவம் கொடுத்துவிட்டோம், இனிக் காலம் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. அந்த மூன்று வருடத்துக்குள் கோரிக்கை தீர வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் வழக்கு இருக்க வேண்டும். படிவம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் உரிமை போய்விடும். ஆகவே இரண்டாவது வருடம் முடிகிறபோதே சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள். போகும்போது முத்திரை விழுந்த பிரதிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தனித்தனியாகப் போகாமல் சங்கமாகச் சேர்ந்து போங்கள், ஒரே சட்டத்தரணி எல்லாருக்கும் எழுதலாம்.